மச்சானின் ராட்வைலரை எடுத்துக்கொள்ளலாமா? இனமா, வளர்ப்பா?

பால்மரத்தான் | ஞாயிறு இரவு 9.40

வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தாமானில் (வீடமைப்புக் குடியிருப்பில்) இருக்கிறேன். என் மச்சானுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்துவிட்டது, அடுத்த மாதக் கடைசியில் கிளம்புகிறார். அவரிடம் மூன்று வயது ராட்வைலர் ஒன்று இருக்கிறது. ஆண், பெயர் ராஜா, நாற்பத்தைந்து கிலோவுக்குக் குறையாது. அங்கே வாடகை அறையில் வைத்திருக்க முடியாதாம். "உன் தாமானில் இரண்டு வீடு உடைத்துவிட்டார்கள் என்றாயே, இவன் வாசலில் இருந்தால் ஒருத்தன் கிட்ட வரமாட்டான், நீயே வைத்துக்கொள்" என்கிறார்.

வீட்டில் எழுபத்தொரு வயது அம்மா, மனைவி, ஆறு வயது மகள், நான். எனக்கு ஷிப்டு வேலை. ராஜா இதுவரை யாரையும் கடித்ததில்லை. ஒருமுறை கேஸ் கொண்டுவந்தவரின் சட்டைக் கையைக் கவ்வி இழுத்தது, அவ்வளவுதான் என்கிறார் மச்சான். பகலில் பின்வாசலில் சங்கிலி, ராத்திரி அவிழ்த்து விடுவார்.

அம்மா "அந்தச் சாதியே ஆகாதுடா" என்கிறார். மச்சான் "சாதியெல்லாம் சும்மா, எல்லாம் வளர்ப்பு" என்கிறார். (நாயைப் பற்றித்தான் பேசுகிறார்கள், வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டாம்.) எனக்குச் சின்ன வயதில் ரப்பர் தோட்டத்து லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) நாய்களோடு பழக்கம் உண்டு, ஆனால் இந்த மாதிரி நாய் வைத்ததில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கம்பிவேலி | ஞாயிறு இரவு 9.52

எடுக்காதீர்கள். அடுத்த கேள்வி.

டோபி பிரதர் | ஞாயிறு இரவு 10.15

அண்ணே, பயப்படாதீங்கலா. இந்த "சாதி" பேச்சையெல்லாம் எப்போதோ உடைத்துவிட்டார்கள். 2022இல் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. 18,385 நாய்களின் குணத்தை அவற்றின் சொந்தக்காரர்களிடம் கேட்டு வாங்கி, அதில் 2,155 நாய்களின் மரபணுவையும் படித்தார்கள். ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் நடத்தையில் இருக்கிற வேறுபாட்டில் சுமார் 9 விழுக்காட்டைத்தான் இனத்தை வைத்து விளக்க முடிந்தது. மீதியெல்லாம் வேறு காரணங்கள்.

நான் டோபர்மேன் வளர்க்கிறேன். ஜெர்மனியில் அபோல்டா என்கிற ஊரில் வரி வசூலித்த டோபர்மேன் என்கிறவர் தன் காவலுக்காக உருவாக்கிய நாய், அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். அப்பேர்ப்பட்ட நாய் என் வீட்டில் இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடும், வெளியே இழுக்க ரொட்டி காட்டவேண்டும். ராட்வைலரும் ஒன்றும் பேய் இல்லை, ராட்வைல் ஊர்க் கசாப்புக்காரர்கள் மாடு ஓட்டவும் வண்டி இழுக்கவும் வைத்திருந்தது. கெட்ட நாய் என்று ஒன்று கிடையாது அண்ணே, கெட்ட ஓனர்தான்.

சிவப்பு மோட்டார் | ஞாயிறு இரவு 10.58

தம்பி, அந்தக் கடைசி வரியை என் மகள் முன்னால் வந்து சொல்லுங்கள்.

போன தீபாவளிக்கு என் பெரியப்பா மகன் வீட்டுக்குப் போயிருந்தோம். அவரிடம் ராட்வைலர் கலப்பு ஒன்று, ஐந்து வயது. இரண்டு மாதக் குட்டியாக வாங்கி வந்தது. சங்கிலியே போட்டதில்லை, ஹாலில்தான் படுக்கை, தினம் கோழியும் சோறும் தனியாக வேகும். ரொம்பக் கண்டிப்பாகவும் வளர்த்தார். உறுமினால் உடனே செருப்பால் மூக்கில் ஒன்று போடுவாராம், அதனால் அது இப்போது உறுமுவதே கிடையாது, பிள்ளைகள் காதைப் பிடித்து இழுத்தாலும் பேசாமல் இருக்கும் என்று அன்று காலையில்தான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மகளுக்கு அப்போது ஏழு வயது. கையிலிருந்த நெய்யுருண்டை விழுந்து சோபாவுக்கு அடியில் உருண்டது. அவள் குனிந்தாள். நாய் அங்கே படுத்திருந்தது. குலைக்கவில்லை, உறுமவில்லை, ஒரு சத்தமும் இல்லை. நான் முதலில் பார்த்தது அவளுடைய மஞ்சள் பாவாடை தரையோடு இழுபடுவதைத்தான். கன்னத்திலும் காதோரத்திலும் பதினான்கு தையல். நாயின் வாயைத் திறக்க இரண்டு ஆண்கள் வேண்டியிருந்தது.

அன்பாக வளர்த்த நாய், வீட்டுக்குள் வளர்ந்த நாய். இதில் கெட்ட ஓனர் எங்கே என்று காட்டுங்கள். பால்மரத்தான், உங்களுக்கு ஆறு வயது மகள் இருக்கிறாள். நான் இதற்கு மேல் எழுதவில்லை.

நெய்தோசை | ஞாயிறு இரவு 11.05

கடவுளே. படிக்கும்போதே கை நடுங்குகிறது.

ஊசிக்காரன் | ஞாயிறு இரவு 11.47

சிவப்பு மோட்டார் அண்ணே, பாப்பா இப்போது எப்படி இருக்கிறாள், முதலில் அதைச் சொல்லுங்கள்.

நான் ஈப்போ பக்கம் ஒரு கால்நடை கிளினிக்கில் பதினாறு வருடமாக வேலை செய்கிறேன். டாக்டர் இல்லை. டாக்டர் ஊசி போடும்போது நாயைப் பிடித்துக்கொள்கிறவன். அதனால் கடியைப் பற்றி டாக்டரைவிட எனக்குக் கொஞ்சம் கூடவே தெரியும்.

உங்கள் மனம் நோகக்கூடாது, ஆனால் நீங்கள் எழுதியதில் ஒன்று என் கண்ணில் பட்டுவிட்டது. அந்தச் செருப்பு. உறுமல் என்பது நாய் கொடுக்கிற எச்சரிக்கை. எனக்குப் பிடிக்கவில்லை, தள்ளிப்போ என்று அதற்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறது. அதற்கு அடி விழுந்தால் அடுத்த முறை உறுமாது, ஆனால் பிடிக்காதது பிடிக்காததாகவே இருக்கும். காதைப் பிடித்து இழுத்தாலும் பேசாமல் இருக்கிறது என்றால் அது பொறுமை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அந்த நேரத்தில் பார்த்திருந்தால் உடம்பு விறைத்திருக்கும், வாய் இறுக மூடியிருக்கும், கண்ணின் வெள்ளை ஓரத்தில் பிறை மாதிரித் தெரிந்திருக்கும், தூக்கமே வராத நேரத்தில் கொட்டாவி விட்டிருக்கும், உதட்டை நக்கியிருக்கும். இதையெல்லாம் யாரும் நமக்குச் சொல்லித்தந்ததில்லை. உங்கள் அண்ணனைக் கெட்டவர் என்று சொல்லவில்லை, நம் ஆட்களில் பாதிப் பேர் அப்படித்தான் நாய்க்கு ஒழுக்கம் கற்றுக்கொடுக்கிறோம்.

அதற்காக இனத்துக்குப் பங்கே இல்லை என்று டோபி தம்பி மாதிரி நான் சொல்லமாட்டேன். என் இடது கையில் ஏழு தழும்பு இருக்கிறது. நான்கு சின்ன நாய்கள் கொடுத்தது, பொமரேனியன், சிட்சூ வகையறா, அன்றைக்கே பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு வேலை பார்த்தேன். இரண்டு தெரு நாய். ராட்வைலர் ஒரே ஒருமுறைதான் கடித்தது, மூன்று வாரம் லீவு, இன்னமும் சுண்டுவிரல் முழுசாக மடங்காது.

பால்மரத்தான் அண்ணே, உங்களுக்கு மூன்று கேள்வி. ராஜாவுக்குக் காயடித்திருக்கிறதா? அது குட்டியாக இருந்தபோது சின்னப் பிள்ளைகளைப் பார்த்துப் பழகியிருக்கிறதா? தினமும் யாராவது வெளியே நடத்திக் கூட்டிப்போகிறார்களா? நாய்க்குட்டிக்கு மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்காவது வாரம் வரைக்கும்தான் மனசு திறந்திருக்கும். அப்போது பார்த்த பிள்ளை, குடை, ஹெல்மெட், ஊன்றுகோல், எல்லாம் உலகத்தில் சாதாரணம் என்று ஏற்றுக்கொள்ளும். நம் ஊரில் என்ன செய்கிறார்கள்? எட்டு வாரத்தில் வாங்கிவந்து, ஊசி முடிகிறவரை பின்கட்டில் அடைத்து, ஊசி முடிந்ததும் சங்கிலியில் போட்டுவிடுகிறார்கள். அது முதன்முதலில் ஓர் ஓடுகிற பிள்ளையைப் பார்க்கும்போது அதற்கு ஏழெட்டு மாதம், முப்பது கிலோ.

லாயர் இல்லாத லாயர் | திங்கள் காலை 8.20

சட்டப் பக்கத்தையும் பார்த்துவிடுங்கள். நம் கால்நடை சேவைத் துறை இரண்டு பட்டியல் வைத்திருக்கிறது. நாட்டுக்குள்ளேயே கொண்டுவரக்கூடாதவை: பிட்புல் வகை, அமெரிக்கன் புல்டாக், நியோபோலிட்டன் மாஸ்டிஃப், ஜப்பானிய டோசா, அகிட்டா, டோகோ அர்ஜென்டினோ, ஃபிலா பிரசிலெய்ரோ. கட்டுப்பாட்டோடு அனுமதிக்கப்படுபவை: ராட்வைலர், டோபர்மேன், அல்சேஷன், புல் டெரியர், புல் மாஸ்டிஃப், பிரேசா கனாரியோ. ஷிபுயா ரயில் நிலையத்தில் எசமானுக்காகக் காத்திருந்து சிலையாகிப்போன ஹச்சிகோவும் அகிட்டாதான், அதன் வம்சத்துக்கு இங்கே வர அனுமதியில்லை. போலீஸ் வைத்திருக்கிற அல்சேஷன் இரண்டாவது பட்டியலில். பட்டியல்கள் அப்படித்தான்.

2012இல் சுபாங் ஜெயாவில் காலையில் ஓடப்போன ஒரு முதியவரைப் பிட்புல் கடித்துக் கொன்றது ஞாபகம் இருக்கலாம். நாய் கடித்து ஆளுக்கு ஆபத்து வந்தால் தண்டனைச் சட்டம் 289ஆம் பிரிவு உங்கள் மேல்தான் பாயும், மச்சான் மேல் இல்லை. பிராணியைக் கவனிக்காமல் விட்டதே குற்றம், அது எந்த இனம் என்று அந்தப் பிரிவு கேட்பதில்லை. நகராண்மைக் கழகத்தில் லைசன்ஸ் எடுக்கவேண்டும், உங்கள் மாதிரித் தரை வீட்டுக்கு எத்தனை நாய், எந்த இனம் என்பதில் ஊருக்கு ஊர் விதி மாறும், முதலில் கவுண்டரில் போய்க் கேளுங்கள்.

அப்புறம், கட்டிப்போட்டுப் பட்டினி போட்டால் அதற்கும் சட்டம் இருக்கிறது. 2015ஆம் ஆண்டின் பிராணிகள் நலச் சட்டம், அபராதமே 20,000 ரிங்கிட்டிலிருந்துதான் தொடங்கும்.

கிராணி மகன் | திங்கள் காலை 10.05

ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியன் நான், எழுபதைத் தாண்டிவிட்டேன், நேரம் நிறைய இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன்.

எங்கள் லயத்தில் எத்தனை நாய் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. இன்னார் வீட்டு நாய் என்றும் கிடையாது. விடியற்காலையில் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிந்து ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்கள் பின்னாலேயே போகும், மர வரிசை முடிகிறவரை பால் சுமக்கிற காண்டா வாளிக்குப் பக்கத்தில் படுத்திருக்கும், பால் நிறுக்கிற நேரத்துக்கு எல்லாரோடும் திரும்பி வரும். ஒரு நாளைக்கு அது பார்க்காத ஆள் இல்லை. தவழ்கிற பிள்ளை, கம்பூன்றிய கிழவி, சைக்கிளில் வருகிற ரொட்டிக்காரர், கள்ளுக்கடையிலிருந்து ஆடிக்கொண்டு வருகிறவர், திருவிழாவில் காவடி, காதுக்குள்ளேயே அடிக்கிற உறுமி மேளம். அந்த நாய்கள் கடித்ததே இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். குட்டி போட்ட பெட்டையிடம் போய் நானே வாங்கிக்கட்டிக்கொண்டேன், கெண்டைக்காலில். அம்மா என்னைத்தான் அடித்தார்.

துரை பங்களாவில் ஓர் அல்சேஷன் இருந்தது. எங்கள் தோட்டத்தின் கடைசி வெள்ளைக்காரத் துரை. கிளப்பிலிருந்து வருகிற விருந்தாளிகள் மடியில் அது தலையை வைத்துக்கொள்ளும். கைலி கட்டிய ஆள் முன்படிக்கு அருகே வந்தால் மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டு பாயும். கணக்குப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போன அப்பாவை ஒருமுறை கணுக்காலில் கடித்தது, அப்பா அன்று கால்சட்டைதான் போட்டிருந்தார், ஆனால் நிறம் கைலிக்காரனுடைய நிறம். யாரும் அதை உட்காரவைத்துப் பாடம் நடத்தவில்லை. அது பார்த்த உலகத்தில் எங்கள் மாதிரி ஆட்கள் பின்வாசலில் நிற்கிறவர்கள், முன்படிக்கு வந்தால் ஏதோ தப்பு நடக்கிறது. துரை சீமைக்குத் திரும்பியபோது நாயைப் பங்களாச் சமையல்காரரிடம் விட்டுப்போனார். லயத்துக்கு வந்த முதல் மாதம் முழுக்க ராத்திரியெல்லாம் ஊளை. சமையல்காரர் அவசரப்படவில்லை, சங்கிலியைப் பிடித்துக்கொண்டு தினம் சாயங்காலம் லயத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நடத்துவார், யாரையும் தொடவிடமாட்டார். ஒன்றரை வருடத்தில் அது பிள்ளைகளுக்கு நடுவில் தூங்கியது. என் தங்கை அதற்குப் பொட்டு வைத்துவிடுவாள்.

இத்தோடு நிறுத்தினால் டோபி தம்பி சந்தோஷப்படுவார். ஆனால் எங்கள் தோட்டத்தில் வேலையாட்களை மேற்பார்த்த டண்டல் ஒருவர் கதையும் இருக்கிறது. காட்டுப்பன்றி வேட்டைக்கென்றே நாய் வைத்திருந்தார். குட்டிகளை எப்படிப் பொறுக்குவார் தெரியுமா? நனைந்த கோணிச்சாக்கைக் குட்டிகள் முன்னால் ஆட்டுவார், கவ்வியதும் சாக்கோடு சேர்த்து மேலே தூக்குவார். விட்டுவிட்டு விழுகிற குட்டியை யார் கேட்டாலும் கொடுத்துவிடுவார். கால் தரையில் படாமல் தொங்கிக்கொண்டே இருக்கிற குட்டிதான் அவருக்கு. அதையும் அதையும் சேர்த்து அடுத்த ஈற்று. ஐந்தாறு ஈற்றுக்குள் அவர் வீட்டு நாய்கள் வேறு மாதிரி ஆகிவிட்டன. ஒன்று ஒருநாள் ஆட்டைப் பிடித்தது. பாராங் கத்திப் பிடியால் அடித்தார்கள், விடவில்லை. மிளகாய்த் தண்ணீரை மூக்கில் ஊற்றித்தான் வாயைத் திறக்க வைத்தார்கள். அதுவும் அதே லயத்தில், அதே பிள்ளைகளோடு வளர்ந்த நாய்தான்.

சீமையிலும் இதைத்தான் செய்தார்கள், ஆனால் தலைமுறை தலைமுறையாக. காளையைக் கட்டிவைத்து நாயை ஏவி விடுகிற விளையாட்டை 1835இல் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். அப்புறம் நாயோடு நாயை மோதவிட்டார்கள், அதற்கென்று புல்டாகையும் டெரியரையும் கலந்தார்கள். பிட்புல் அந்த வழியில் வந்தது. அந்த வளர்ப்பு குட்டி பிறப்பதற்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது, டோபி தம்பி.

(சம்பந்தமில்லாமல் ஒன்று: நம் நாட்டுக்கென்றே ஒரு நாய் உண்டு, தெலோமியன். தெலோம் ஆற்றுப் பக்கத்து ஓராங் அஸ்லி வளர்த்தது. கால்மேல் நிற்கிற வீடு என்பதால் ஏணி ஏறும். 1963இல் ஓர் அமெரிக்க மானிடவியலாளர் இரண்டொன்றை அங்கே கொண்டுபோனார். நமக்கு ராட்வைலர் பெயர் தெரியும், இது தெரியாது.)

டோபி பிரதர் | திங்கள் பகல் 12.40

ஐயா, கதை சூப்பர். ஆனால் ஆட்டைப் பிடிப்பதும் ஆளைப் பிடிப்பதும் வேறு வேறு. வேட்டை நாய் எசமானிடம் பூனைக்குட்டி மாதிரி இருக்கும்.

கிராணி மகன் | திங்கள் பகல் 1.10

வேறுதான் தம்பி. ஆறு வயதுப் பிள்ளை கத்திக்கொண்டு ஓடும்போது அந்த வித்தியாசம் நாய்க்கும் தெரியவேண்டுமே என்பதுதான் என் பயம்.

சென்னையிலிருந்து ஈப்போ | திங்கள் மாலை 6.30

நான் வேலைக்காக இங்கே வந்து நான்கு வருடம் ஆகிறது. ஊரில் இதே சண்டை 2024இல் நடந்தது. மார்ச் மாதம் 23 இன நாய்களுக்கு லைசன்ஸ் கொடுக்காதீர்கள் என்று மத்திய அரசு மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது, ராட்வைலரும் அதில் இருந்தது. ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மே மாதம் சென்னையில் ஒரு பூங்காவில் அங்கேயே காவல் வேலை பார்த்தவருடைய ஐந்து வயது மகளை இரண்டு ராட்வைலர்கள் கடித்துக் குதறின. நாய்க்காரர் சங்கிலி இல்லாமல் விட்டிருந்தார். டிவியில் ஒரு வாரம் "தடை வேண்டுமா வேண்டாமா" என்றே பேசினார்கள். சங்கிலியைப் பற்றிப் பேசியது குறைவு.

எங்கள் தாத்தா வீட்டில் ராஜபாளையம் இருந்தது. வெள்ளை வெளேர் என்று இருக்கும், வெளியாளைக் கேட்டுக்குள் விடவே விடாது. அதை யாரும் தடைப் பட்டியலில் போடவில்லை, நம் ஊர்ப் பெருமை என்கிறோம்.

தடை போட்ட நாடுகளையும் பாருங்கள். நெதர்லாந்து 1993இல் பிட்புல்லுக்குத் தடை போட்டது, கடி குறையவில்லை என்று 2008இல் எடுத்துவிட்டது. பிரிட்டன் 1991இல் நான்கு இனங்களுக்குத் தடை போட்டது, முப்பது வருடம் கழித்து பட்டியலில் இல்லாத எக்ஸ்எல் புல்லி வந்து கடிக்க ஆரம்பித்ததும் அதையும் சேர்த்தார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2024 பிப்ரவரியிலிருந்து விலக்குச் சான்று இல்லாமல் வைத்திருப்பதே குற்றம்.

சிவப்பு மோட்டார் | திங்கள் இரவு 9.15

எழுதமாட்டேன் என்றேன், முடியவில்லை. ஊசிக்காரன் தம்பி, மகள் நன்றாக இருக்கிறாள். பள்ளிக்கூடப் படம் எடுக்கும்போது மட்டும் வலது பக்கம் திரும்பி நிற்பாள். செருப்பு விஷயத்தை ராத்திரி முழுக்க யோசித்தேன். நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம்.

ஆனால் டோபி தம்பியின் 9 விழுக்காட்டை நான் ஒப்பமாட்டேன். அமெரிக்காவில் 1979 முதல் 1998 வரை நாய் கடித்து இறந்தவர்களில் நாயின் இனம் தெரிந்த 238 பேர் கணக்கை நானும் தேடிப் படித்தேன். பாதிக்கு மேல் பிட்புல் வகையும் ராட்வைலரும்தான். குணத்தில் வித்தியாசம் 9 விழுக்காடோ 90 விழுக்காடோ, தாடை தாடைதானே? என் பெரியப்பா மகன் இதே செருப்பை ஒரு சிட்சூ மேல் வீசியிருந்தால் என் மகளுக்கு இரண்டு தையலோடு போயிருக்கும். அதைத்தான் நான் சொல்கிறேன், வேறொன்றும் இல்லை.

ஊசிக்காரன் | திங்கள் இரவு 10.02

அதை மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை அண்ணே. என் சுண்டுவிரலும் உங்கள் பக்கம்தான்.

அந்த 238 கணக்கு எழுதியவர்களே ஓர் எச்சரிக்கை போட்டிருந்தார்கள்: ஊரில் மொத்தம் எத்தனை ராட்வைலர், எத்தனை பிட்புல் இருக்கிறது என்று தெரியாமல் எந்த இனம் அதிக ஆபத்து என்று கணக்குப் போட முடியாது. அதற்கப்புறம் 2013இல் இன்னொரு ஆய்வு வந்தது, 2000 முதல் 2009 வரை நாய் கடித்து இறந்த 256 பேரைப் பற்றியது. போலீசிடமும் விசாரணை செய்தவர்களிடமும் நேராகவே கேட்டிருக்கிறார்கள். இனத்தை நம்பிச் சொல்ல முடிந்தது 17.6 விழுக்காட்டில்தான். திரும்பத் திரும்ப வந்தது வேறு: பக்கத்தில் தடுக்கத் திராணியுள்ள ஆள் இல்லை (87.1 விழுக்காடு), கடிபட்டவருக்கும் நாய்க்கும் பழக்கமே இல்லை (85.2), காயடிக்காத நாய் (84.4), குடும்பத்தோடு சேர்க்காமல் தனியாகக் கட்டியோ அடைத்தோ வைத்த நாய் (76.2). பெரும்பாலான இடத்தில் இதில் நாலைந்து ஒன்றாக இருந்திருக்கிறது.

பால்மரத்தான் அண்ணே, இந்த வரிசையைப் படித்துவிட்டு உங்கள் முதல் பதிவை ஒருமுறை படியுங்கள். நான் கேட்ட மூன்று கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

நெய்தோசை | திங்கள் இரவு 10.20

சந்தேகம் ஒன்று. கடித்துவிட்டால் மஞ்சள் தூளோ காப்பித் தூளோ வைக்கலாம் என்கிறார்களே?

ஊசிக்காரன் | திங்கள் இரவு 10.24

வேண்டவே வேண்டாம். குழாயைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டு பதினைந்து நிமிடம் கழுவுங்கள், நேராக ஆஸ்பத்திரி. சரவாக்கில் 2017இலிருந்து வெறிநாய் நோய் இருக்கிறது, 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கில்கூட வந்தது. சின்னக் கடி என்று விடாதீர்கள்.

கோலகங்சார் அக்கா | செவ்வாய் காலை 7.50

எல்லாரும் ஜெர்மனி, சீமை, அமெரிக்கா என்று போய்விட்டீர்கள். தம்பி, உங்கள் வீட்டுக்கு வருகிறேன். நீங்கள் ஷிப்டு வேலை. உங்கள் மனைவிக்கு நாய் பிடிக்குமா என்று நீங்கள் எழுதவே இல்லை. அப்படியென்றால் ராஜாவுக்குச் சோறு வைப்பது, கழுவி விடுவது, காலையில் நடத்திக் கூட்டிப்போவது யார்? எழுபத்தொரு வயது அம்மா. நாற்பத்தைந்து கிலோ நாய் எதிர் வீட்டுப் பூனையைப் பார்த்து ஓர் இழுப்பு இழுத்தால் அது நல்ல சாதியா, நல்ல வளர்ப்பா என்று அம்மாவின் இடுப்பு எலும்பு கேட்காது. திருடனுக்குத்தான் நாய் என்றால் முதலில் பின்வாசல் கிரில்லுக்கு நல்ல பூட்டாகப் போடுங்கள், ஒரு விளக்குப் போடுங்கள். எங்கள் தாமானில் நாய் இருந்த வீட்டைத்தான் உடைத்தார்கள், நாய்க்கு ஏதோ போட்டுவிட்டார்கள், பாவம்.

கம்பிவேலி | செவ்வாய் காலை 8.01

இதைத்தான் நான் முதலிலேயே ஒரு வார்த்தையில் சொன்னேன்.

பால்மரத்தான் | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு இரவு 8.30

பதில் போடாமல் காணாமல் போனதற்கு மன்னிக்கவும். மூன்று ஞாயிறும் மச்சான் வீட்டுக்குப் போனேன்.

ஊசிக்காரன் தம்பியின் கேள்விகளுக்கு: காயடிக்கவில்லை, "ஆம்பளை நாய், பாவம்" என்கிறார். பிள்ளைகள் பழக்கம் இல்லை, மச்சானுக்குக் குழந்தை கிடையாது. நடத்திக் கூட்டிப்போவதும் இல்லை, ராத்திரி அவிழ்த்துவிட்டால் காம்பவுண்டுக்குள் அதுவே ஓடிக்கொள்ளும் என்றார். பின்வாசலில் போய்ப் பார்த்தேன். முளைக்குச்சியைச் சுற்றி சங்கிலி எட்டுகிற தூரத்துக்கு ஒரு புல் இல்லை, காம்பஸ் வைத்து வரைந்த மாதிரி வட்டமாக வெறும் மண், வட்டத்துக்கு வெளியே லாலான் புல் முழங்கால் உயரம். மூன்று வருடம் அந்த வட்டம்தான்.

முதல் ஞாயிறு என்னைப் பார்த்து வாலை ஆட்டியது. கோழி எலும்பில்லாத கறி கொடுத்தேன், கையை நக்கியது. மனசு இளகிவிட்டது, எடுத்துக்கொள்ளலாம் என்றே நினைத்தேன். இரண்டாவது ஞாயிறு மகளையும் கூட்டிப்போனேன், அவளைத் தூரத்தில், வீட்டு வாசல்படியிலேயே நிறுத்தினேன். அவள் சும்மாதான் நின்றாள். அப்புறம் செருப்பு கழன்றுவிட்டது என்று ஒற்றைக் காலில் நொண்டி நொண்டிக் குதித்தாள். ராஜா குலைக்கவில்லை. வால் நின்றுவிட்டது. வாய் மூடிக்கொண்டது. கண்ணோரத்தில் அந்த வெள்ளைப் பிறை, ஊசிக்காரன் எழுதியது அப்படியே. மச்சான் பக்கத்தில் நின்று "பார்த்தாயா, எவ்வளவு சமத்தாக நிற்கிறான்" என்றார்.

மகளைத் தூக்கிக்கொண்டு காருக்கு வந்துவிட்டேன்.

எடுத்துக்கொள்ளவில்லை. அம்மாவிடம் சொன்னதற்கு, "நாய் மேல தப்பில்லேன்னு எனக்கும் தெரியும்டா, என் முட்டியிலதான் தப்பு" என்றார். ஆனால் மச்சான் அதைக் கொண்டுபோய் எங்காவது அவிழ்த்துவிட்டுவிடுவாரோ என்று பயமாக இருந்தது. அப்பாவோடு லோரி ஓட்டிய மாமா ஒருவர் ஊருக்கு வெளியே டுரியான் தோட்டம் வைத்திருக்கிறார், தனி ஆள், அல்சேஷன் வளர்த்துப் பழக்கம். கிராணி மகன் ஐயா எழுதிய சமையல்காரர் கதையை அவருக்குப் படித்துக் காட்டினேன். "காயடித்துக் கொண்டுவந்தால் வைத்துக்கொள்கிறேன், சங்கிலி வேண்டாம், வேலி போட்ட மூலை இருக்கிறது" என்றார். செலவில் பாதி நான், பாதி மச்சான். போன வியாழன் ஆபரேஷன் முடிந்தது. நேற்று கொண்டுபோய் விட்டேன். வேலிக்குள் அவிழ்த்துவிட்டதும் ராஜா ஓடவில்லை. கொஞ்ச தூரம் போனது, சங்கிலி முடிகிற தூரத்தில் தானாகவே நின்றது, திரும்பி வந்தது, மறுபடியும் வட்டமாகவே சுற்றியது.

டோபி பிரதர் | ஞாயிறு இரவு 8.44

அண்ணே அந்தக் கடைசி வரி. நான் ஒன்றும் சொல்லவில்லை. மாமாவுக்கு நடத்திப் பழக்க ஆள் வேண்டுமென்றால் நான் வாரக்கடைசியில் வருகிறேன், சும்மாதான் இருக்கிறேன்.

ஊசிக்காரன் | ஞாயிறு இரவு 9.10

நல்ல முடிவு அண்ணே. காயடித்ததும் உடனே மாறிவிடும் என்று மாமா எதிர்பார்க்க வேண்டாம், மாதக்கணக்கில் ஆகும், சில குணம் மாறாமலே போகலாம். டோபி தம்பி போனால் முதல் மாதம் கூண்டு மாதிரி வாய்ப்பூட்டு போட்டுத்தான் நடத்தவேண்டும், அது வாயைத் திறந்து மூச்சுவிடுகிற அளவுக்கு இருக்கவேண்டும்.

சிவப்பு மோட்டார் | ஞாயிறு இரவு 9.32

மகளைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள் பாருங்கள், அதற்கு நன்றி. ஒன்று கேட்கவேண்டும். அந்த டுரியான் தோட்டத்து வேலியை ஒட்டிப் பள்ளிப் பிள்ளைகள் நடக்கிற பாதை ஏதாவது இருக்கிறதா?

பால்மரத்தான் | ஞாயிறு இரவு 9.36

இருக்கிறது அண்ணே, பின்பக்கம், ஆற்றோரமாக. அந்தப் பக்கத்து வேலி இரண்டு இடத்தில் தாழ்ந்திருக்கிறது. சனிக்கிழமை கம்பி வாங்கிக்கொண்டு போகிறேன்.

சிவப்பு மோட்டார் | ஞாயிறு இரவு 9.37

நானும் வருகிறேன். என்னிடம் கம்பி முறுக்குகிற பிளையர் இருக்கிறது.